செஞ்சி முற்றுகை (1690–1698): கோட்டைக்கு வெளியே கிடந்த படை

முற்றுகை என்றதும் சிங்கம்புணரி வட்டாரத்தாருக்கு முதலில் நினைவில் எழுவது பிரான்மலையாகவே இருக்கும். சங்க இலக்கியம் போற்றும் பறம்புமலை இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு. மூவேந்தரும் ஒருங்கே திரண்டு வளைத்தும் பறம்பைப் போரால் கொள்ள இயலவில்லை. உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் மலைக்குள் கிடைத்தன, சுனைநீரும் இருந்தது. வெளியே பாசறை அமைத்திருந்தவர்களுக்கோ நாள்தோறும் சோறு வேண்டியிருந்தது. பாரி இறுதியில் வஞ்சனையால் மாய்ந்தான் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று அம்மலையடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலும் உச்சியில் இறைநேசர் ஒருவரின் தர்காவும் உள்ளன. அப்பாறைகளின் மீது ஒருமுறை ஏறி இறங்கியவர்க்கு, மலைக்கோட்டையை வளைத்தல் எத்தகைய தொழில் என்பதை நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பறம்புக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், தமிழ் மண்ணில் மற்றொரு மலைக்கோட்டையை முகலாயப் பேரரசின் பெரும்படை ஏறக்குறைய எட்டாண்டுகள் வளைத்துக் கிடந்தது. அதுவே செஞ்சி. ஹிஜ்ரி 1101ஆம் ஆண்டின் இறுதியில், அதாவது 1690 செப்டம்பரில், தொடங்கிய அம்முற்றுகை ஹிஜ்ரி 1109இல், 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முடிவுற்றது. இந்நிகழ்ச்சியை நம் வரலாற்றாசிரியர்கள் இருவகையாக எழுதி வந்துள்ளனர். ஒருசாரார் இதனை இஸ்லாமியப் பேரரசுக்கும் இந்து அரசுக்கும் இடையே நிகழ்ந்த சமயப் போராகக் காட்டுவர். மற்றொரு சாரார் படைத்தலைவன் ஒருவனின் வஞ்சகக் கதையாகச் சுருக்கிவிடுவர். இவ்விரு பார்வைகளிலும் இடம்பெறாத ஒருவன் உண்டு. எட்டாண்டுகள் கூடாரத்தில் கிடந்து, குதிரைக்குப் புல்லும் தனக்கு மாவும் தேடியலைந்த படைவீரனே அவன். அவன் யார், யாருடைய ஆள், யாரிடம் சம்பளம் பெற்றான் என்ற வினாக்களை முன்வைத்து இம்முற்றுகையை நோக்குவதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

கோட்டையும் அதன் கைமாற்றங்களும்

செஞ்சி ஒற்றைக் கோட்டை அன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளைப் பெருமதிலால் இணைத்த கோட்டைத் தொகுதி அது. மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரமுடைய செங்குத்துப் பாறை. உச்சிக்குச் செல்ல ஒரே வழிதான் உண்டு. அவ்வழியும் ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்றால் துண்டிக்கப்பட்டு, சிறு பாலத்தின் மூலம் மட்டுமே கடக்கத்தக்கது. நாயக்கர் வசமிருந்த இக்கோட்டையை 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கைப்பற்றியது. 1677இல் அது சிவாஜியின் கைக்கு வந்தது. பழைய மதில்களை இடித்துப் புதிய கொத்தளங்களும் அகழிகளும் அமைக்க அவர் ஏராளமான பொருளைச் செலவிட்டார் என்பதை அக்காலத்து யேசுசபைப் பாதிரியாரின் கடிதம் தெரிவிக்கிறது. இக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ‘மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள்’ என்ற தொகுதியில் அடங்கிய 12 கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே.

சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி 1689இல் கொல்லப்பட்டதும், இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து செஞ்சியைத் தம் தலைநகராக்கிக் கொண்டார். ராய்கட் கோட்டையை அவ்வாண்டே வென்று பேரரசர் ஔரங்கசீப்பின் பாராட்டைப் பெற்றிருந்த ஸுல்ஃபிகார் கான் அவரைத் தொடர்ந்து அனுப்பப்பட்டார். இவர் பேரரசின் தலைமை அமைச்சரான அஸத் கானின் மகன், வயதில் இளையவர், துணிவு மிக்கவர். செஞ்சியின் முன்னே வந்து நின்றபோதே, தம்மிடமுள்ள படையாலும் வெடிமருந்தாலும் இக்கோட்டையைச் சுற்றி வளைக்கவே இயலாது, தாக்குவது அடுத்த பேச்சு என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர் விரைவிலேயே சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பினியாரிடம் வெடிமருந்து கேட்டு எழுதினார்.

கும்பினியார் அன்று இருபக்கமும் வாணிகம் செய்தனர். அதே 1690ஆம் ஆண்டில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் எல்லை வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும் என்பது உடன்பாடு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றைத் தருவித்து நாற்புறமும் சுட்டு, குண்டு விழுந்த ஊர்களையெல்லாம் தமதாக்கிக் கொண்டனர். ‘குண்டு கிராமங்கள்’ என அவை நெடுங்காலம் வழங்கின. முகலாயர் பக்கம் அனுப்பிய வெடிமருந்துக்கும் நல்லுறவுக்கும் ஈடாக 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன. ஆக, செஞ்சி முற்றுகையில் ஐயத்திற்கு இடமின்றி ஊதியம் கண்டவர் யாரென்று கேட்டால், அதில் போரிடாதவர்களே என்றுதான் சொல்ல வேண்டும்.

கூடாரங்களில் இருந்தவர் யாவர்?

முகலாயப் பாசறையில் இருந்தவர்களின் பட்டியலை நோக்கினால் சமயப்போர்க் கொள்கை நிற்பது கடினம். முற்றுகையின் மிகக் கடுமையான நாட்களில் ஸுல்ஃபிகார் கானுக்குத் தோள்கொடுத்தவர் தல்பத் ராவ் என்னும் புந்தேல ராஜபுத்திரர். அவர்தம் ஆட்களும் புந்தேலரே. அவருடைய செயலராக உடனிருந்து எல்லாவற்றையும் கண்ணால் கண்டு பாரசீக மொழியில் ‘நுஸ்கா-இ-தில்குஷா’ என்னும் நூலில் எழுதி வைத்தவர் பீம்ஸேன் என்னும் காயஸ்தர். செஞ்சி முற்றுகையைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இவ்விந்து எழுத்தர் முகலாயப் பாசறையிலிருந்து எழுதியதே. தாவூத் கான் பன்னி தக்காணத்து ஆப்கானியர். இவர்களோடு, 1687இல் வீழ்ந்த கோல்கொண்டா அரசின் பழைய அதிகாரிகளும் இருந்தனர். இவர்கள் நிலை விந்தையானது. இஸ்மாயில் கான் மகா, யாசம நாயக்கர், முஹம்மது ஸாதிக் ஆகியோர் 1690இல் முகலாயருக்கு எதிராகக் கிளர்ந்து ராஜாராமின் பக்கம் நின்றனர். பின்னர் இஸ்மாயில் கானை நாம் முகலாயப் பாசறையில் காண்கிறோம். யாசம நாயக்கரும் முகலாயர் பக்கம் வந்து, முடிவில் ஸுல்ஃபிகார் கானின் ஆணையால் கொல்லப்பட்டார். பெயரைக் கொண்டு பக்கம் அறிய முயல்வோர்க்கு இம்மூவர் கதையே போதிய விடையாகும்.

இவர்களை ஒன்றாகக் கட்டி வைத்த கயிறு எது? அதுவே மன்ஸப் முறை. முகலாய அதிகாரி ஒவ்வொருவருக்கும் ‘ஸாத்’ என்னும் தனிநிலை எண்ணும், ‘ஸவார்’ என்னும் குதிரைவீரர் எண்ணும் வகுக்கப்பட்டன. ஸவார் எண்ணுக்கேற்ப அவர் குதிரைவீரர்களைத் திரட்டி வைத்திருக்க வேண்டும். அதற்கான செலவுக்கு ஜாகீர் எனப்படும் நிலவருவாய் ஒதுக்கப்படும். ஆகவே படைவீரனுக்குப் பேரரசர் தொலைவில் உள்ள பெயர். அவனைச் சேர்த்தவரும் சம்பளம் தருபவரும் அவனுடைய மன்ஸப்தாரே. குதிரை வீரனுடைய சொந்த உடைமை. அது இறந்துபட்டால் அவன் பிழைப்பும் அதனோடு முடிந்தது. திறந்தவெளிப் போரில் நிகரற்ற வீரம் காட்டிய இக்குதிரைவீரன் கோட்டைச் சுவரின் முன் தன் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தத் தயங்கினான் என்றால், அதனைக் கோழைத்தனம் என்பது அறியாமை. குதிரையைவிட்டு இறங்கி மண் வெட்டுவதும் அவன் வேலையன்று. அதற்கு பேல்தார் எனப்படும் தோண்டும் ஆட்கள் தனியே இருந்தனர்.

ஜாகீர் வருவாய் ஒழுங்காக வந்தவரை இம்முறை நன்கு நடந்தது. தக்காணப் போர் நீண்டபோது அது வரவில்லை. மராட்டியக் குதிரைப்படை ஊர்களில் வரி தண்டியது. ஜாகீர்தாரின் ஆள் பின்னால் சென்றபோது ஊரில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஓராண்டுக்குரிய வருவாயில் சில மாதங்களின் அளவே கிடைக்கும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டு கணக்கிட வேண்டிய நிலை முன்னரே வந்திருந்தது. பீம்ஸேனின் நூலில் இம்முறையீடு மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

இக்காலத்தே ஐரோப்பாவில் நடந்ததையும் ஒப்புநோக்க வேண்டும். அங்கு ‘ரெஜிமெண்டு’ எனப்படும் படைப்பிரிவு நிலைபெற்றுக் கொண்டிருந்தது. தொடக்கத்தில் அதுவும் கர்னல் ஒருவர் தம் செலவில் திரட்டிய கூட்டமே. ஏறத்தாழ நம் மன்ஸப்தாரின் படை போன்றது. கணக்கெடுப்பு நாளன்று கூலிக்கு ஆள்பிடித்து வரிசையில் நிறுத்தி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் மோசடி அங்கும் இருந்தது. இங்கோ பிறர் குதிரையை இரவல் வாங்கிக் காட்டினர். அதனைத் தடுக்கவே அக்பர் காலத்தில் குதிரைக்குச் சூடு வைக்கும் ‘தாக்’ முறையும், வீரனின் அங்க அடையாளங்களை எழுதிவைக்கும் ‘செஹ்ரா’ முறையும் வந்தன. ஆகவே ஐரோப்பியர் நேர்மையானவர், நம்மவர் அல்லர் என்று கொள்வது தவறு. வேறுபாடு பிறிதோரிடத்தில் தோன்றியது. பிரான்சில் பதினான்காம் லூயியின் அமைச்சர் லூவுவா பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணக்கெடுப்பைக் கண்டிப்பாக்கினார். எல்லைக் கோட்டைகளில் தானியக் கிடங்குகளை அமைத்தார். கர்னல் இறந்தாலும் கலையாத அமைப்பாக ரெஜிமெண்டு மாறியது. அது அரசனுடையது என்ற எண்ணம் வேரூன்றியது. மன்ஸப்தார் இறந்தாலோ அவருடைய படைவீரன் மறுநாள் வேறொரு தலைவரைத் தேட வேண்டும்.

முற்றுகையே ஐரோப்பாவில் அன்று தலையாய போர்முறையாக இருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673இல் மாஸ்திரிக்ட் நகரின் முன், கோட்டைக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பதுங்குகுழிகளை வெட்டி, அவற்றை வளைந்து நெளிந்து செல்லும் குழிகளால் இணைத்து முன்னேறும் முறையைக் கையாண்டார். 13 நாட்களில் நகரம் பணிந்தது. இம்முறையின் மூலவித்து துருக்கியருடையது என்று கருதும் ஆய்வாளர் உளர். கிரீட் தீவின் கந்தியா நகரை உஸ்மானியர் 1648 முதல் 1669 வரை முற்றுகையிட்டனர். அதன் இறுதி ஆண்டுகளில் வஸீர் கோப்ருலு ஃபாஸில் அஹ்மத் பாஷாவின் ஆட்கள் இத்தகைய இணைகுழிகளை விரிவாக வெட்டினர். அங்கே எதிர்ப்பக்கம் நின்று போரிட்ட பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைக் கண்டனர். கற்றவர் யார், கற்பித்தவர் யார் என்பதில் மாறுபாடு இருக்கலாம். முஸ்லிம் படைகள் முற்றுகைக் கலை அறியாதவை என்ற கூற்றுக்கு மட்டும் கந்தியா இடமளிக்காது. வோபானிடம் நாம் வியப்பது வேறொன்று. குழி வெட்டும் வீரனுக்கு நாட்கூலியாக அன்றி, வெட்டிய நீளத்தை அளந்து அவர் கூலி கொடுத்தார். கோட்டைச் சுவரை நெருங்க நெருங்கக் கூலி விகிதம் உயர்ந்தது. உயிருக்கு ஆபத்து மிகுந்த இடத்தில் வேலை மிக விரைவாக நடந்தது.

1692ஆம் ஆண்டு, இரு முற்றுகைகள்

1692ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துக் காண்பது பயன்தரும். மே மாத இறுதியில் பிரெஞ்சு அரசன் லூயி தானே முன்னின்று, இன்றைய பெல்ஜியத்திலுள்ள நமூர் நகரை முற்றுகையிட்டான். நகரம் ஜூன் தொடக்கத்திலும் உட்கோட்டை ஜூன் இறுதியிலும் வீழ்ந்தன. வோபானின் குழிகள் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. முற்றுகையிடும் படை ஒன்றாகவும், அதற்குக் காவலாக வெளியே நிற்கும் படை ஒன்றாகவும் பிரெஞ்சுப் படை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நமூரை மீட்க மூன்றாம் வில்லியம் பெரும்படையோடு வந்தபோது, லக்ஸம்பர்க் பிரபுவின் காவல்படை மெஹைன் ஆற்றங்கரையில் அவரைத் தடுத்து நிறுத்திவிட்டது. குழி வெட்டியவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

செஞ்சியின் முன் ஸுல்ஃபிகார் கானுக்கு அத்தகைய காவல்படை இல்லை. 1691 டிசம்பரில் அவருடைய தந்தை அஸத் கானும் இளவரசர் காம்பக்ஷும் புதிய படைகளோடு வந்து சேர்ந்தனர். 1692இல் பாசறைகள் கோட்டையைச் சூழ ஆங்காங்கே அமைக்கப்பட்டன. கோட்டைச் சுற்றின் நீளத்தால் ஒன்றுக்கொன்று உடனே உதவ இயலாத தொலைவில் அவை கிடந்தன. வெளியிலிருந்து தானியம் கொண்டுவரும் வழியைக் காப்பது காஞ்சிபுரம் முதலிய இடங்களின் ஃபவ்ஜ்தார்களின் பொறுப்பு. பேரரசின் பாசறைக்கு உணவளித்தவர்கள் பொதிமாடுகளில் தானியம் ஏற்றி வரும் பஞ்சாரா வணிகர்களே. வழி பாதுகாப்பாக இருக்குமளவும் அவர்கள் வருவர். ஆபத்து என்றால் வாரார். அரசுக் கிடங்கு என ஒன்று பின்னால் இல்லை.

1692 டிசம்பரில் ஸாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதிகள் இருவரும் பெருங்குதிரைப்படையோடு வடக்கிலிருந்து இறங்கினர். காஞ்சிபுரத்து ஃபவ்ஜ்தார் அலீ மர்தான் கான் ஸாந்தாஜியை எதிர்க்கப் புறப்பட்டுக் காவேரிப்பாக்கத்தருகே தோற்றுச் சிறைப்பட்டார். பெருந்தொகை கொடுத்து விடுதலை பெற வேண்டியதாயிற்று. தனாஜி செஞ்சியையே அடைந்து, கோட்டையின் ஒருபுறத்தில் தனித்துக் கிடந்த இஸ்மாயில் கான் மகாவின் பாசறையைத் தாக்கினார். இஸ்மாயில் கான் காயமுற்றுப் பிடிபட்டார். அப்பொழுதிலிருந்து முற்றுகை தலைகீழாயிற்று. கோட்டைக்குள் இருந்தோர் வயிறார உண்டனர்; வெளியே இருந்தோர் பசித்தனர். தானிய விலை பாசறையில் விண்ணை எட்டியது. பேரரசரிடமிருந்து கடிதம் வருவதும் நின்றது. அச்செய்தியின்மையில், முதிய பேரரசர் காலமாகிவிட்டார் என்ற வதந்தி கூடாரம் கூடாரமாகப் பரவியது.

அவ்வதந்தி விளைத்த கேடு குறிப்பிடத்தக்கது. பேரரசர் இறந்தால் அரியணைப் போர் எழும். அதில் அமைச்சரும் அவர் மகனும் தமக்கு எதிராகவே நிற்பர் என இளவரசர் காம்பக்ஷ் அஞ்சினார். ஏற்கெனவே ராஜாராமோடு மறைவாகத் தொடர்பு கொண்டிருந்த அவர், தம் குடும்பத்தோடு கோட்டைக்குள் சென்று ராஜாராமோடு சேர்ந்துவிடத் திட்டமிட்டதாக அஸத் கானுக்குச் செய்தி எட்டியது. தந்தையும் மகனும் தளபதிகளைக் கலந்து, இளவரசரைக் காவலில் வைத்தனர். முகலாய இளவரசர் ஒருவர் மராட்டிய மன்னரிடம் அடைக்கலம் புக முனைந்ததும், அவரைத் தடுக்கப் புந்தேல ராஜபுத்திரர் துணைநின்றதும் எந்தச் சமயப் போரின் இலக்கணத்தில் அடங்கும் என்பதை அவ்வாறு எழுதுவோரே விளக்க வேண்டும்.

பதுங்குகுழிகளில் இருந்த படைகளை ஒருமுகப்படுத்தும் பொருட்டு ஸுல்ஃபிகார் கான் முன்வரிசைகளைக் கைவிட்டார். இழுத்துச் செல்ல இயலாத பெரிய பீரங்கிகளைத் தாமே பாழ்படுத்த வேண்டியதாயிற்று. 1693 ஜனவரியில் முற்றுகை கலைக்கப்பட்டுப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அப்பின்வாங்கலில் கூடாரமும் உடைமையும் இழந்து, மாடும் குதிரையும் மாண்டு, நடந்தே சென்ற சாதாரண வீரனின் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். அவனுடைய இழப்புக்கு ஈடு செய்ய அரசில் ஏற்பாடு ஏதும் இல்லை. அவனுடைய மன்ஸப்தாரே கடனில் மூழ்கியிருந்தார்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவை வளைத்த படைக்குத் திருக்குர்ஆன் இட்ட பெயர் ‘அஹ்ஸாப்’. பல கூட்டங்கள் என்பது அதன் பொருள். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெட்டச் செய்த அகழின் மறுபுறத்தில் குறைஷியரும் கத்ஃபான் குலத்தாரும் தத்தம் தலைவர்களின் கீழ்த் தனித்தனிப் பாசறைகளில் இருந்தனர். நுஐம் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூட்டாளிகளிடையே ஐயத்தை எழுப்பியதும், குளிர்காற்று வீசியதும், ஒரு மாத அளவில் அப்பெரும்படை கலைந்தது. அகழைப் பற்றியே பேசும் நாம் இந்த ‘அஹ்ஸாப்’ என்ற சொல்லின் நுட்பத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பல தலைமைகளும் பல பைகளும் கொண்ட படை ஒரு நாள் போரில் வெல்லக்கூடும். காத்திருக்க நேரும்போதுதான் அதன் தையல்கள் பிரிகின்றன. செஞ்சியின் முன் கிடந்ததும் அத்தகைய படையே.

புதுச்சேரியில் பத்து நாட்கள்

வந்தவாசியில் முகலாயப் படை மூச்சுவாங்கிக் கொண்டிருந்த அதே 1693இல், செஞ்சியிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள புதுச்சேரியில் மற்றொரு முற்றுகை நடந்தது. ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் நிகழ்ந்த போரின் எதிரொலியாக, டச்சுக் கும்பினியார் ஆகஸ்டு இறுதியில் கப்பற்படையோடு வந்து பிரெஞ்சுக்காரரின் சிறு கோட்டையை வளைத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களும், உள்நாட்டு வீரர்களும், பெரும் பீரங்கிகளும், குண்டுகளை உயர எறியும் மார்ட்டர்களும் அவர்களிடம் இருந்தன. பிரெஞ்சுத் தலைவர் பிரான்சுவா மர்த்தேனிடம் இருந்தவர்கள் சில நூறு பேரே. செப்டம்பர் முற்பகுதியில் அவர் கோட்டையை ஒப்படைத்தார். 1697இல் ரைஸ்விக் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே, 1699இல், புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது.

இவ்விரு முற்றுகைகளையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியன்று என்பதை நாம் அறிவோம். புதுச்சேரி கடற்கரை மணலில் நின்ற சிறு கோட்டை, செஞ்சி பாறைமலை. வோபானே வந்திருந்தாலும் ராஜகிரியின் கருங்கல்லில் குழி வெட்டியிருக்க முடியாது. ஆயினும் அந்த டச்சு வீரன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் பெரும்பாலும் ஏழை; ஜெர்மன் நாட்டவனாகவும் இருக்கலாம். மாதம் 9 கில்டர் சம்பளத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறியவன். அவன் பெயர் கும்பினியின் பதிவேட்டில் இருந்தது. சம்பளம் சொற்பம், தாமதமும் பிடித்தமும் உண்டு, கடற்பயணத்திலும் நோயிலும் இறந்தோர் எண்ணற்றோர். எனினும் அவனுக்குக் கடன்பட்டிருந்தது கும்பினி என்னும் அமைப்பு, தளபதி அல்லர். தளபதிக்கும் முற்றுகை விரைவில் முடிவதிலேயே நன்மை இருந்தது.

ஸுல்ஃபிகார் கான் மீதான குற்றச்சாட்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம். அவர் விரும்பியிருந்தால் வந்த நாளிலேயே கோட்டையைப் பிடித்திருக்க முடியும், தளபதிகள் தம் நலனுக்காகப் போரை நீட்டிப்பதே வழக்கம் என்னும் கருத்துப்பட பீம்ஸேன் எழுதுகிறார். முதிய பேரரசர் மறைந்ததும் தெற்கில் தமக்கென ஓர் அரசை அமைத்துக்கொள்ள அவர் எண்ணினார், அதற்காக ராஜாராமோடு இரகசிய உடன்பாடு வைத்திருந்தார் என்ற பேச்சும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. வந்த நாளிலேயே பிடித்திருக்கலாம் என்பதை நாம் ஏற்கவில்லை. 13 கிலோமீட்டர் மதிலை அளந்து பார்த்தவர் எவரும் ஏற்கமாட்டார். ஆனால் போர் நீளுவதில் தளபதிக்கு ஆதாயம் இருந்தது என்பது உண்மை. படை கையிலிருக்கும் வரை கர்நாடகத்தின் திறைப்பணம் அவர் கைவழியே சென்றது. 1694இல் அவர் தஞ்சாவூர் மீது படையெடுத்து, ராஜாராமுக்கு உதவிவந்த மராட்டிய மன்னர் ஷாஜியை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் திறை செலுத்த உடன்படச் செய்தார். திருச்சியிலிருந்து மதுரை நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாளும் முகலாயருக்குத் திறை செலுத்தித் தம் நாட்டைக் காத்துக்கொண்டார். அந்த வகையில் செஞ்சி முற்றுகையின் செலவில் ஒரு பங்கை, அன்று மதுரைச் சீமையில் அடங்கிய நம் பகுதி உழவர்களும் சுமந்தனர் எனலாம். சம்பளம் வராத படைக்குத் திறையே உயிர். திறை தண்டக் கோட்டையை விட்டு அகல வேண்டும். அகன்றால் முற்றுகை தளரும். இதனை வஞ்சகம் என்று மட்டும் பெயரிடுவது, நோயை விட்டுவிட்டு அதன் குறியைப் பிடித்துக்கொள்வதாகும்.

முடிவும் பின்விளைவும்

1694ஆம் ஆண்டின் இறுதியில் முற்றுகை மீண்டும் தொடங்கியது. அடுத்த இரண்டாண்டுகள் பெயரளவில் நடந்தது. 1697இல் பேரரசரின் பொறுமை தீர்ந்தது. மராட்டியத் தளபதிகளிடையே பகைமை முற்றி ஸாந்தாஜி அவ்வாண்டே கொல்லப்பட்டார். வெளியிலிருந்து முகலாயரின் உணவு வழியை அறுத்துவந்த கை அத்துடன் ஓய்ந்தது. அதன்பின் கோட்டை பிடிபடச் சில மாதங்களே ஆயின என்பதை நாம் மறத்தலாகாது. ராஜாராம் முன்னதாகவே வெளியேறி வேலூர் வழியாக மகாராட்டிரம் சென்றுவிட்டார். 1698இன் தொடக்கத்தில் தாவூத் கானின் ஆட்கள் சந்திராயன் துர்க்கத்தின் பக்கமாகவும், தல்பத் ராவின் புந்தேலர்கள் கிருஷ்ணகிரியின் பக்கமாகவும் மதிலேறினர். ராஜகிரியில் எஞ்சியோர் பின்னர்ப் பணிந்தனர். ராஜாராமின் மனைவியரும் மக்களும் சிறைப்பட்டனர். கோட்டைக்கு, ஸுல்ஃபிகார் கானின் ‘நுஸ்ரத் ஜங்’ என்ற பட்டத்தையொட்டி நுஸ்ரத்கட் எனப் பெயரிடப்பட்டது. அப்பெயர் மக்கள் நாவில் நிலைக்கவில்லை.

ஏறக்குறைய 1700இல் கோட்டைத் தலைமை ஸ்வரூப் சிங் என்னும் புந்தேலரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய மகன் தேஜ் சிங். தமிழ் மக்கள் போற்றும் தேசிங்குராஜன். 1714இல் ஆற்காட்டு நவாப் ஸஆதத்துல்லாஹ் கானின் படையோடு பொருது இவ்விளைஞர் மாண்டார். அவரோடு, தம் திருமணத்தையும் விட்டுவிட்டு வந்து உயிர்நீத்த நண்பர் மஹபத் கானையும் சேர்த்தே நாட்டுப்புறக் கதைப்பாடல் பாடுகிறது. செஞ்சியின் நாட்டுப்புற வீரன், செஞ்சியை முற்றுகையிட்ட தரப்பில் பதவி பெற்றவரின் மகன் என்பதும், அவனுடைய உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம் என்பதும் பாடிய மக்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. ஸஆதத்துல்லாஹ் கான் அவ்வெற்றியின் பின் கட்டிய, பாரசீகக் கல்வெட்டுடன் கூடிய பள்ளிவாசல் இன்றும் கோட்டைக்குள் உள்ளது.

தாவூத் கான் 1702இல் சென்னையை மூன்று மாதங்களுக்கு மேல் வழிமறித்து வைத்தார். ஆங்கிலக் கும்பினியார் அவரிடம் தூதனுப்பிய இத்தாலியர் மனூச்சி, இளமையில் தாரா ஷிகோவின் பீரங்கிப்படையில் பணிபுரிந்தவர். முகலாயப் படையின் வழக்கங்களை உள்ளிருந்தே அறிந்தவர். முடிவில் 25,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாவூத் கான் விலகினார். செஞ்சியின் முன் எட்டாண்டு பழகிய பாடம் அது. கோட்டையைப் பிடிப்பதைவிட அதனை வளைத்து நிற்பதில் பணம் கிடைத்தது.

அடுத்த தலைமுறையில் இம்மண்ணின் வீரர்களே ஐரோப்பிய அணிநடைக்குப் பழக்கப்படுத்தப்பட்டனர். அவர்களுக்கு வழங்கிய பெயர்களை அரபுக் கல்லூரி மாணவரும் எளிதில் பிரித்தறிவர். சிப்பாய் பாரசீகச் சொல். சுபேதார், ஜமேதார், ஹவில்தார் ஆகியன அரபும் பாரசீகமும் கலந்தவை. அவர்கள் யாவரும் அடங்கிய ‘பட்டாளம்’ மட்டும் ஐரோப்பியச் சொல்லின் திரிபு. ஆட்களும் பதவிகளும் முகலாயப் பாசறையிலிருந்து வந்தவையே. மாறியது அவர்களைக் கட்டிய கயிறு.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, சில நூறு ஐரோப்பியரும் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்களும் கொண்ட முன்படையோடு செஞ்சிக்கு வந்தார். கோட்டையைக் காத்தவர்கள் முந்திய தோல்வியால் மனம் தளர்ந்திருந்தனர் என்பது உண்மையே. மாலையில் நகரவாயிலை வெடிவைத்துத் தகர்த்து உட்புகுந்து, இரவில் மூன்று குன்றுகளின் மீதும் ஒரே நேரத்தில் ஏறி, விடிவதற்குள் அவற்றைக் கைப்பற்றினர். அக்குன்றுகளில் ஏறியவர்களுள் பெரும்பான்மையோர் இந்நாட்டுச் சிப்பாய்கள்.